‘விசேஷ கருத்து’ எண்டு நான் மறைச்சு வைச்ச கொம்பனி

போன வருசம் நவம்பர் மாசம், ஒரு திங்கக்கிழமை காலமை, எங்கட கொம்பனியில எல்லாரையும் கன்ரீனுக்கு வரச் சொல்லிச்சினம். மேசையில கேக் இருந்தது. டென்மார்க்கில வேலை செய்யிற ஆக்களுக்குத் தெரியும், ஒருத்தருக்கும் பிறந்தநாள் இல்லாத நாளில கேக் வைச்சா ஏதோ வில்லங்கம் வரப்போகுது எண்டு. நான் கேக்கில கைவைக்க முதலே சொல்லிப் போட்டினம். கொம்பனியை வேற ஒரு பெரிய கொம்பனி வாங்கியிட்டுது. வாற கோடையோட வைலே நகரத்தில இருக்கிற எங்கட ஒபிசை மூடப்போகினம். வேலை எல்லாம் கொப்பன்ஹேகனுக்குப் போகுது.

இண்டைக்கு இங்க செபிக்க வந்ததில என்னைத் தெரியாத ஆக்களுக்காகச் சொல்லிறன். என்ர பேர் டிலானி. பிறந்தது மன்னார், வளர்ந்தது ரண்டர்ஸ், கலியாணம் கட்டி வந்தது வைலே. சொஃப்ட்வெயார் எழுதிறதுதான் என்ர வேலை. எந்த லொறி எங்க நிக்குது, என்ன சாமான் ஏத்தினது, எங்க இறக்கவேணும் எண்டு பாக்கிற புறோகிராம். பெரிய பெரிய லொறிக் கொம்பனியள்தான் அதை வாங்கிறது. படிச்சு முடிச்ச காலத்தில இருந்து அந்த ஒரே இடத்திலதான் இருந்தனான். என்ர மனுசன் ஜூட்டுக்குத் தொழிற்சாலையில ஷிப்ட் வேலை. மகள் அனா ஏழாம் வகுப்பு. எனக்குக் கொஞ்சம் வாய் கூட, பொறுமை குறைவு. அதையும் முதலே சொல்லி வைக்கிறன், ஏனெண்டா ஆண்டவர் அந்தக் குணத்தையும் சேர்த்துத்தான் நான் சொல்லப்போற காரியத்தைச் செய்தவர்.

அண்டைக்குப் பின்னேரமே என்ர மேலதிகாரி அனெட்டே என்னைத் தனியாக் கூப்பிட்டவ. நல்ல மனிசி, சுத்தி வளைச்சுக் கதைக்க மாட்டா. “கொப்பன்ஹேகனுக்கு வா, ஒரு ரீமுக்கு உன்னைப் பொறுப்பாப் போடுறம். ஈஸ்டர் பாஸ்கு லீவுக்கு முதல் முடிவு சொல்லு” எண்டா. நான் சிரிச்சு நன்றி சொல்லிப்போட்டு வந்து, காருக்குள்ள இருந்து அழுதனான். சந்தோசமோ துக்கமோ எண்டு எனக்கே தெரியேல்லை.

எனக்கு முன்னால மூண்டு பாதை. ஒண்டு, கொப்பன்ஹேகன். நல்ல பதவி, ஆனா வீட்டை வித்து, ஜூட்டின்ர வேலையை விட்டு, பிள்ளையின்ர பள்ளிக்கூடத்தை மாத்தி எல்லாரும் எழும்பவேணும். ரெண்டு, ஓகூஸ் நகரப் பக்கம் ஒரு வேலை தேடி ரெயின்ல போய் வாறது. மூண்டாவதை வாய்விட்டுச் சொல்ல எனக்கே கூச்சமா இருந்தது. சொந்தமா ஒரு கொம்பனி.

அந்த எண்ணம் ஒண்டும் புதுசில்லை. எங்கட ஒபிசுக்குச் சின்ன லொறிக்காரர் அடிக்கடி போன் பண்ணுவினம். நாலைஞ்சு லொறி வைச்சு ஓடுற ஆக்கள். “உங்கட புறோகிராம் எங்களுக்குச் சரிவருமோ?” எண்டு கேப்பினம். எங்கட விற்பனை ஆக்கள் மரியாதையா “இல்லை, அது பெரிய இடங்களுக்கு” எண்டு சொல்லி வைச்சுப் போடுவினம். ஒவ்வொரு முறையும் எனக்குள்ள ஒண்டு கேக்கும், அப்ப அந்தச் சின்ன ஆக்களுக்கு ஆர் செய்து குடுக்கிறது? நான் செய்வன் எண்டு மனம் சொல்லும். பிறகு ரீ குடிச்சுப்போட்டு என்ர வேலையைப் பாப்பன். இப்ப கதவைச் சாத்திப்போட்டினம் எண்ட உடன அந்தக் கேள்வி என்னை நித்திரை கொள்ள விடேல்லை.

அம்மாவுக்குப் போன் பண்ணினன். அம்மா ரண்டர்ஸில இருக்கிறா. நான் சொல்லி முடிக்கேல்லை, “மூச்சு விடாத” எண்டா. “கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது. எல்லாம் சரிவந்த பிறகு சொல்லு. இப்ப சொன்னா ஊர்க் கண் முழுக்க உனக்கு மேலதான்.” பிறகு ரண்டர்ஸில ஒருத்தர் கடை திறக்கப்போறன் எண்டு எல்லாருக்கும் சொல்லிப்போட்டுத் திறக்காமல் விட்ட கதையையும் எடுத்து விட்டா. அந்த மனுசனைக் காணுற இடமெல்லாம் சனம் இண்டைக்கும் “கடை எப்ப திறப்பு?” எண்டு கேட்டுச் சிரிக்குதாம். அந்தக் கதை போதும், நான் வாயைத் தைச்சுப்போட்டன். ஜூட்டையும் தைக்கச் சொன்னன். அந்த மனுசன், “நீ தொடங்கு, நான் வீட்டைப் பாக்கிறன். ஆனா உதெல்லாம் எவ்வளவு நாளைக்கு ஒளிக்கிறது?” எண்டு கேட்டவர். “நான் சொல்லும் வரைக்கும்” எண்டு சொன்னனான்.

எங்கட வைலே ஆக்கள் கொஞ்சப்பேர் வெள்ளிக்கிழமை பின்னேரத்தில வீடு வீடாச் செபமாலை சொல்லிறது வழக்கம். செபமாலை முடிய ஒவ்வொருத்தரும் தங்கட மன்றாட்டைச் சொல்லுவினம். அங்க ஒரு வசதி இருக்கு, உங்களுக்கும் தெரியும். வெளியில சொல்ல விருப்பம் இல்லாட்டி “ஒரு விசேஷ கருத்துக்காக” எண்டு சொன்னாக் காணும். எல்லாரும் “ஆண்டவரே எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” எண்டு சொல்லுவினம். மகளுக்குச் சம்பந்தம் பேசினாலும் அதுதான், வீடு வாங்கப் போனாலும் அதுதான், ஒப்பரேசன் எண்டாலும் அதுதான். சில கிழமை சுத்திவர எல்லாரும் விசேஷ கருத்துத்தான். மாதாவுக்குத்தான் விளங்கவேணும்.

நானும் வெள்ளிக்கு வெள்ளி முழங்காலில நிண்டு அதையே சொன்னனான். மனசுக்குள்ள மட்டும் ஆண்டவரோட வியாபாரம் பேசினன். “ஆண்டவரே, ஒரே ஒரு லொறிக்காரனைத் தாரும். பாஸ்குவுக்கு முதல் தாரும். கையெழுத்துப் போட்ட ஆளாத் தாரும். அப்ப நான் கொப்பன்ஹேகனுக்கு மாட்டன் எண்டு சொல்லிறன்.” இப்பிடி நேரம், தரம் எல்லாம் குறிச்சுக் கேட்டனான். என்ர வேலையில அப்பிடித்தான் கேட்டுப் பழக்கம்.

வேலையால வந்து சமைச்சுப்போட்டு என்ர சொந்தக் கொம்பியூட்டரில இருந்து புறோகிராம் எழுதினன். நத்தார் போனது, வருசம் பிறந்தது, நான் எழுதிக்கொண்டு இருந்தன். லீவு எடுத்து எடுத்து எழுதினன். சாப்பாடு மறந்து போச்சு, உடம்பு வத்திப் போச்சு. தலை வாரி இழுக்கக்கூட நேரமில்லை எண்டு ஒருநாள் கடைக்குப் போய் மயிரைக் கட்டையா வெட்டியிட்டு வந்தன். அனா என்னைப் பாத்துப்போட்டு டெனிஷில “அம்மா, உங்களுக்கு என்ன நடந்தது?” எண்டு கேட்டாள். அவளுக்கும் ஒண்டும் சொல்லேல்லை.

மாசி மாசமளவில காட்டக்கூடிய மாதிரி ஒண்டு கையில வந்தது. சின்ன லொறிக்காரரின்ர நம்பரைத் தேடி எடுத்துப் போன் பண்ணத் தொடங்கினன். அப்பதான் எனக்குத் தெரிஞ்சது, நாங்கள் இருக்கிற இந்த யூட்லாண்ட் பக்கத்து மனுசர் முன்பின் தெரியாத ஆளிட்டை ஒரு முட்டையும் வாங்க மாட்டினம் எண்டு. “ஆர் நீ? ஆர் உன்னைச் சொன்னது?” எண்டு கேப்பினம். ஒருத்தரும் சொல்லேல்லை எண்டால் அதோட கதை முடிஞ்சுது. ஒருத்தர் நான் பேரைச் சொல்லி முடிக்க முதல் வைச்சுப்போட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் போனைத் தூக்கி எறிய வேணும் போல இருந்தது. கோபம் போக, பயம் வந்தது. பாஸ்கு கிட்ட வருது. ஆண்டவர் கேக்கேல்லையோ, இல்லாட்டி வேண்டாம் எண்டுதான் சொல்லிறாரோ? ஒருநாள் சமைச்சுக்கொண்டு இருக்கேக்க அகப்பையைப் போட்டிட்டு “எனக்கு ஏலாது, நான் கொப்பன்ஹேகனுக்கே போறன்” எண்டு கத்தி அழுதனான். ஜூட் அடுப்பை நிப்பாட்டிப்போட்டுப் பக்கத்தில வந்து இருந்தவர்.

தவக்காலத்தில ஒரு வெள்ளிக்கிழமை. செபமாலை ரீற்றா அக்கா வீட்டில. ரீற்றா அக்கா முதியோர் இல்லத்தில வேலை செய்யிறவ, எங்கட செபக்கூட்டத்தை நடத்திறவ. வாசலில சப்பாத்தைக் கழட்டேக்கயே எனக்கு ஏதோ பிழையாப் பட்டது. எல்லாரும் என்னைப் பாத்த பார்வை அப்பிடி. ஒருத்தர் கையைப் பிடிச்சு உள்ள கூட்டிக்கொண்டு போறா, இன்னொருத்தர் முழங்காலில நிக்க வேண்டாம், கதிரையில இரும் எண்டு தலாணி வைக்கிறா. எனக்கு விளங்கேல்லை.

செபமாலை முடிஞ்சுது. மன்றாட்டு நேரம் வந்தது. ரீற்றா அக்கா கண்ணை மூடிக்கொண்டு சொன்னா: “ஆண்டவரே, எங்கட சகோதரி டிலானியை அந்தக் கொடிய வருத்தத்தில இருந்து விடுவியும். அந்தச் சின்னப் பிள்ளைக்குத் தாயை விட்டு வையும்.”

எல்லாரும் “ஆண்டவரே எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” எண்டு சொல்லிச்சினம். நான் ஆ எண்டு பாத்துக்கொண்டு இருந்தன். உடம்பு வத்தினது, அடிக்கடி லீவு எடுத்தது, மயிர் கட்டையானது, வெள்ளிக்கு வெள்ளி விசேஷ கருத்து. சனம் கூட்டிக் கழிச்சுப் பாத்து எனக்குக் கான்சர் எண்டு முடிவு கட்டியிட்டுது. பக்கத்தில ஜூட்டின்ர தோள் குலுங்குது. அழுறார் எண்டு சனம் நினைச்சிருக்கும். மனுசன் சிரிப்பை அடக்கேலாமல் குலுங்குறார்.

எனக்கு எங்க இருந்து அப்பிடி ஒரு கோபம் வந்ததோ தெரியாது. செபத்துக்கு நடுவில எழும்பி நிண்டு கத்திப்போட்டன். “எனக்கு ஒரு வருத்தமும் இல்லை! நான் கொம்பனி தொடங்கப்போறன்! சின்ன லொறிக்காரருக்குப் புறோகிராம் எழுதிறன், ஒருத்தரும் வாங்கினம் இல்லை. அதுக்குத்தான் செபிக்கச் சொன்னனான்!”

பின்னால இருந்து ஒரு அன்ரி மெல்லமாக் கேட்டா, “அப்ப கான்சர் இல்லையோ?” சத்தியமாச் சொல்லிறன், அவவின்ர குரலில கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. பிறகு ஒருத்தர் சிரிக்க, எல்லாரும் சிரிக்கத் தொடங்கிச்சினம். ரீற்றா அக்கா மட்டும் சிரிக்கேல்லை. என்னைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு அழுதா. “தேவதாயே நன்றி, தேவதாயே நன்றி” எண்டு சொல்லிச் சொல்லி அழுதா. பிறகுதான் மற்றவை சொல்லிச்சினம், ரீற்றா அக்கா எனக்காக ஒருசந்தி பிடிச்சவவாம். புதன், வெள்ளியில விடிய வேலைக்குப் போய், அந்த வயசான ஆக்களைத் தூக்கி, குளிப்பாட்டி, பின்னேரம் வரைக்கும் தண்ணியோட நிண்டவவாம்.

அதைக் கேட்ட உடன என்ர கோபம் எல்லாம் எங்கயோ போயிட்டுது. எனக்கு இல்லாத வருத்தத்துக்கு அந்த மனிசி பசி கிடந்திருக்கிறா. இவையளின்ர கண் படும் எண்டு பயந்துதான் நான் இவ்வளவு நாளும் ஒளிச்சனான். அவ்வளவு வெக்கம் எனக்கு என்ர வாழ்நாளில வந்ததில்லை.

கஞ்சி பரிமாறேக்க சேவியர் அண்ணை கிட்ட வந்தவர். அதிகம் கதைக்காத மனுசன். லொறி ஓடுறவர் எண்டு எனக்கு எப்பவோ தெரியும். ஆனா ஆரிட்டை ஓடுறார், அங்க எத்தினை லொறி, ஒண்டும் நான் கேட்டதில்லை. கேட்டால் ஏன் கேக்கிறாய் எண்டு கேப்பார், பிறகு சொல்லவேண்டி வரும். அதால கேக்கேல்லை.

“பிள்ளை, என்ன புறோகிராம் அது?” எண்டு கேட்டார்.

சொன்னன். கிண்ணத்தைக் கீழ வைச்சுப்போட்டு வடிவாக் கேட்டார். பிறகு, “எங்கட முதலாளிக்கு ஆறு லொறி. எல்லாம் ஒபிசில இருக்கிற மனிசியின்ர தலைக்குள்ளதான் ஓடுது. அந்த மனிசி கோடையோட பென்சன் எடுக்கிறா. முதலாளி மண்டையைப் போட்டு உடைச்சுக்கொண்டு திரியிறான். நான் ஒருக்காச் சொல்லிப் பாக்கட்டோ?” எண்டார்.

நான் கஞ்சிக் கிண்ணத்தோட அப்பிடியே நிண்டன். இந்த மனுசன் வெள்ளிக்கு வெள்ளி எனக்குப் பக்கத்து வரிசையில இருந்து, என்ர விசேஷ கருத்துக்கு “கேட்டருளும்” எண்டு சொன்னவர். நான் கேட்டதை ஆண்டவர் எப்பவோ கொண்டுவந்து பக்கத்தில இருத்திப்போட்டார். அவருக்கு என்ர கருத்து என்ன எண்டு தெரியும். சேவியர் அண்ணைக்குத் தெரியாதே.

அடுத்த சனிக்கிழமை அந்த முதலாளியிட்டை போனன். ஹென்றிக் எண்டு பேர், வைலேக்கு வெளியில லொறி நிப்பாட்டுற இடத்தில சின்ன ஒபிஸ். கோப்பி ஊத்தித் தந்தார். நான் காட்டினதை முழுக்கப் பாத்தார். கடைசியா, “இதில பாதி எனக்குத் தேவையில்லை. மற்றப் பாதி மோசமில்லை” எண்டார். யூட்லாண்ட் ஆக்களிட்டை இருந்து இதுக்கு மேல பாராட்டு எதிர்பாக்கேலாது. சேவியரின்ர லொறியிலயும் இன்னொரு லொறியிலயும் போட்டு ஓடிப் பாப்பம், பிறகு கதைப்பம் எண்டு சொன்னார். கையெழுத்துப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நானும் கேக்கேல்லை.

முதல் நாளே குழம்பிச்சுது. சேவியர் அண்ணை ஓல்போர்க்கில ஒரு கட்டடத்துக்குக் கீழ்ப்பகுதியில சாமான் இறக்கினவர். அங்க சிக்னல் இல்லை, இறக்கினது பதிவாகேல்லை. “பிள்ளை, உன்ர சாமான் நித்திரை கொள்ளுது” எண்டு போன் வந்தது. அண்டைக்கு லீவு போட்டுத் திருத்திக் குடுத்தன். அடுத்த கிழமை மற்ற லொறியின்ர டிரைவர் போன் எடுத்தார், இன்னொரு பிழை. அதையும் திருத்தினன். செபக்கூட்டத்தில இப்ப எல்லாருக்கும் என்ர கதை தெரியும். “இந்தக் கிழமை லொறி எப்பிடி?” எண்டு கேட்டுப்போட்டுத்தான் செபமாலை தொடங்குவினம். ரீற்றா அக்கா மன்றாட்டில “சிக்னல் இல்லாத இடங்களுக்காகவும்” எண்டு சேர்த்துச் சொல்லுவா. நான் சிரிப்பன். ஆனா மனதுக்கு அது எவ்வளவு பெலமா இருந்தது எண்டு சொல்லத் தெரியாது.

ஆனா ஹென்றிக் வாய் திறக்கேல்லை. பாஸ்கு லீவுக்கு முதல் கடைசி வேலை நாளும் வந்திட்டுது. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில கடற்கரைப்பக்கம் நடந்து போனன். குளிர்காத்து மூஞ்சையில அடிச்சுது. “ஆண்டவரே, நான் கேட்ட கையெழுத்து எங்க? இன்னும் கொஞ்ச நேரத்தில நான் முடிவு சொல்லவேணும்” எண்டு கேட்டன். போனை எடுத்துப் பாத்தன். ஒண்டும் வரேல்லை. வானத்திலயும் ஒண்டும் இல்லை. கனநேரம் நிண்டன்.

அப்ப எனக்கு ரீற்றா அக்காவின்ர முகம்தான் வந்தது. நான் பிழைப்பன் எண்டு அந்த மனிசிக்கு ஒரு உறுதியும் இருக்கேல்லை. கேட்டது கிடைக்குமோ எண்டு பாத்துப்போட்டோ அவ பசி கிடந்தவ? நான் மட்டும் ஆத்தில ஒரு கால் சேத்தில ஒரு கால் வைச்சுக்கொண்டு, கையெழுத்து வந்தால்தான் உம்மை நம்புவன் எண்டு நிக்கிறன். அது நம்பிக்கை இல்லை, பேரம். சரி ஆண்டவரே, கையெழுத்து இல்லாமலே வாறன் எண்டு சொன்னன். ஒபிசுப் பக்கம் திரும்பி நடந்தன். ஜூட்டுக்கு மட்டும் போன் பண்ணினன். “சொல்லப்போறன்” எண்டன். “சொல்லு” எண்டார்.

அனெட்டேயின்ர அறைக்குப் போய்க் கதவைச் சாத்திப்போட்டு, “நான் கொப்பன்ஹேகனுக்கு வரேல்லை. சின்ன லொறிக்காரருக்குச் சொந்தமாப் புறோகிராம் எழுதப்போறன்” எண்டு முழுசாச் சொன்னன். ஏற்கெனவே எழுதி ரெண்டு லொறியில ஓடுது எண்டும் சொன்னன். அவையின்ர வேலையில இருந்துகொண்டே அதே மாதிரி ஒண்டை எழுதினதுக்குக் கொம்பனி வழக்குப் போடுமோ எண்ட பயமும் எனக்குள்ள இருந்தது. “உனக்கு விசர்” எண்டு அனெட்டே சிரிச்சா. பிறகு சொன்னா: “உனக்குத் தெரியும்தானே, அந்த ஆக்களை நாங்கள் திருப்பி அனுப்பிறனாங்கள். எங்களுக்கு அது போட்டியில்லை. மேலிடத்தில கேட்டுப் பாக்கிறன். அவை ஓம் எண்டால், இனிப் போன் பண்ணிற சின்ன ஆக்களுக்கு உன்ர பேரைச் சொல்லிறன்.” இவவுக்குத் தெரிஞ்சால் அரோகரா எண்டு பயந்துதான் நான் அவவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிஞ்சனான்.

பாஸ்கு முடிஞ்ச கிழமை ஹென்றிக் போன் பண்ணினார். எல்லா லொறிக்கும் போடச் சொன்னார். நான் பதறிப்போய், முதல் வந்த பிழையளுக்கு மன்னிப்புக் கேக்கத் தொடங்கினன். மனுசன் இடையில மறிச்சு, “முந்தி ஒரு பெரிய கொம்பனியிட்டை வாங்கினனான். போன் அடிச்சால் பாட்டுத்தான் கேக்கும். உனக்கு அடிச்சால் நீ எடுக்கிறாய். அது எனக்குக் காணும்” எண்டார். போனை வைச்சுப்போட்டு அடுக்களையில முழங்காலில நிண்டன். கேட்ட நாளில வரேல்லை. நான் கேக்காமலே நம்பத் தொடங்கின பிறகு வந்தது. ஏன் அந்தக் கொஞ்ச நாள் பிந்தினது எண்டு எனக்கு இப்ப விளங்குது. முதலே வந்திருந்தால் நான் ஹென்றிக்கைத்தான் நம்பியிருப்பன்.

பழைய இடத்து மேலிடமும் ஓம் எண்டு சொன்னது. கோடையோட அங்க இருந்து விலகினன். இப்ப சின்ன லொறிக்காரர் கொஞ்சப்பேர் என்னோட இருக்கினம். எல்லாம் வெல்லம் எண்டு சொல்ல வரேல்லை. ஒருத்தர் ஒரு மாசத்தோட சரிவராது எண்டு விட்டிட்டார். இந்த முறை கனடாவில தங்கச்சியின்ர மகளுக்குச் சாமத்தியவீடு, வேலையை விட்டிட்டு நாங்கள் போகேல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வரேக்கயும் போன் பைக்குள்ள நடுங்கும். ஆனா பயத்தோட படுத்து எழும்புற சீவியம் போயிட்டுது. வேலை பாரமாத்தான் இருக்கு, ஆனா அது நான் தெரிஞ்சு எடுத்த பாரம். அனாவுக்கு எல்லாம் சொல்லிறன். அவள்தான் எங்கட சின்ன இணையப் பக்கத்துக்கு டெனிஷ் பாத்துத் திருத்தித் தாறாள். அம்மாவைக் கேட்டால், “நான்தானே முதலே சொன்னனான், தொடங்கு எண்டு” எண்டு ரண்டர்ஸ் முழுக்கச் சொல்லித் திரியிறா. விட்டிட்டன்.

சகோதரங்களே, அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் எண்டு எங்கட சனம் சொல்லும். ஆண்டவருக்கு நாங்கள் அழாமலே விளங்கும், அது வேற கதை. ஆனா அவர் எனக்குத் தந்த உதவி எல்லாம் மனுசரின்ர கையாலதான் வந்தது. சேவியர் அண்ணையின்ர கை, அனெட்டேயின்ர கை, பசியோட வேலைக்குப் போன ரீற்றா அக்காவின்ர கை. நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்த காலம் முழுக்க அந்தக் கையள் என்னைச் சுத்தி இருந்தவைதான். என்ன செய்யவேணும் எண்டு மட்டும் அவைக்குத் தெரியேல்லை. கண்ணூறு எண்டு நான் பயந்த கண்ணெல்லாம் எனக்காக அழுத கண். இதை நான் கொடிய வருத்தக்காரி எண்டு பேர் எடுத்துத்தான் படிக்கவேண்டி வந்தது.

அதால நானே முதலில சொல்லிறன். ஓல்போர்க்கில கொஞ்சம் பெரிய லொறிக் கொம்பனி ஒண்டு என்ர புறோகிராமைக் கேக்குது. தனி ஆளாச் செய்யேலாது. சொஃப்ட்வெயார் எழுதத் தெரிஞ்ச, என்னோட துணிஞ்சு வரக்கூடிய ஒரு ஆள் எனக்கு வேணும். கிடைக்காட்டி அந்த இடத்தை விடவேணும். எனக்குப் பயமா இருக்கு. அதுக்காகச் செபியுங்கோ. ஆரையும் தெரிஞ்சால் வெக்கப்படாமல் வந்து சொல்லுங்கோ, போன் அடிச்சால் நான் எடுப்பன். உங்களுக்குள்ளயும் ஒருத்தர் வேலை போச்செண்டோ, பிள்ளை கதைக்கிறானில்லை எண்டோ, வீட்டில சமாதானம் இல்லை எண்டோ நெஞ்சுக்குள்ள பூட்டி வைச்சுக்கொண்டு இங்க வந்திருப்பீங்கள். ஆண்டவரை நம்புங்கோ. நம்பினால், அவர் உங்களுக்குப் பக்கத்தில கொண்டுவந்து இருத்தின ஆளையும் ஒருக்கா நம்பிப் பாருங்கோ. மன்றாட்டு நேரம் வருது. நான் என்ரயைச் சொல்லிப்போட்டன். இனி உங்கடயைப் பேர் சொல்லிச் சொல்லுங்கோ, நாங்கள் எல்லாரும் கேக்கிறம்.